சமையல்கட்டுக்குக் கீழே

சமையல்கட்டுக் குடத்தில் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. ஞானகுமாரி மறுபடி கையை விட்டு அளந்து பார்த்தாள். காலையில் கழுத்துவரை இருந்த தண்ணீர். அதற்கப்புறம் உப்பும் சர்க்கரையும் கரைக்க ஒரே ஒரு டம்ளர்தான் எடுத்திருந்தாள். குடத்தில் ஓட்டை இல்லை. தரையில் ஈரமும் இல்லை.

பத்து மாதக் குழந்தை சாராளுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "தண்ணிய மட்டும் நிறுத்திடாத. நிறுத்தினா புள்ள தங்காது" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயில். மதியம் இரண்டு மணி. கரண்ட் போய் ஃபேன் நின்றுவிட்டதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்து படக் படக்கென்று விரிவதும், அம்பத்தூர் எஸ்டேட்டின் உலைகள் தூரத்தில் உறுமுவதும், கருகிய மண்ணும் கரிப்புகையுமாக ஒரு வாடை ஜன்னல் வழியே வந்து நாக்கில் படிவதும் தவிர வீட்டில் வேறெதுவும் நடக்கவில்லை. மழை பொய்த்துவிட்டது என்று பேப்பர்காரன் எழுதினான். மழைமேல் பழி போடுவது சுலபம், அது பதில் பேசாது. ஏரியில் பாதியைத் தூர்த்து பிளாட் போட்டது யார்? அறுநூறு அடிக்கு போர் இறக்கி உறிஞ்சியது யார்? ராத்திரி பகலாகப் புகையைக் கக்கி வானத்தையே வேகவைத்தது யார்?

மளக்.

சமையல்கட்டிலிருந்து வந்தது. யாரோ அண்ணாந்து குடிப்பதுபோல.

சமையல்கட்டில் யாரும் இல்லை. தரை மட்டும்தான். தரைக்குக் கீழே கிணறு. வற்றிப்போன கிணற்றைப் போன வருஷம் மூடி, அதன்மேல்தான் சமையல்கட்டைக் கட்டினார்கள். அவள் புருஷன் ஜோசப்ராஜ் வேலை செய்யும் இரும்பு வார்ப்புப் பட்டறையில் அச்சுக்குப் போட்டு வெந்து கருகிய மண் சும்மா கிடைத்தது. ஏழு லாரி அடித்தார்கள்.

கொத்தனார் நாகப்பன் அன்றைக்கே சொன்னார். "கெணத்த மூடறப்போ அடிலேந்து மேல வரிக்கும் ஒரு பைப்பு வுடணும்மா. அது மூச்சு வுட்டாவணும்."

"சமையல்கட்டு நடுவுல பைப்பா? கெணத்துக்கு ஏதுங்க நுரையீரலு? நான் பிஸிக்ஸ் படிச்சவ."

ஜோசப்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். நாகப்பன் சிரிக்கவில்லை. "உங்க ஊடு, உங்க இஷ்டம்" என்று சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் கூலி வாங்கக்கூட அவர் உள்ளே வரவில்லை.

மளக். மளக்.

ஞானகுமாரி குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். கையை எடுப்பதற்குள் துணி அப்பளமாகக் காய்ந்தது. குடத்தை எட்டிப் பார்த்தாள். அடி தெரிந்தது.

"ஞானம்! தண்ணி லாரி வந்துகினு கீதுடி!" பக்கத்து வீட்டுத் தாயம்மா ஜன்னலில் நின்று கத்தினாள். "லைன்ல வெச்ச உன் கொடம் எட்டாவதா கீது. வரலன்னா தூக்கிக் கடாசிட்டுப் பூடுவாளுங்க!"

"புள்ளைய வுட்டுட்டு எப்டிக்கா வர்றது?"

"புள்ளைய நீ தூக்கினா கொடத்த யாரு தூக்குவா? உன் பி.எஸ்சி. சர்டிபிகேட்டா? சட்னு வாடி!"

குழந்தையைக் கூடத்தில் பாயில் கிடத்தினாள். இரண்டு பக்கமும் தலையணை வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு ஓடினாள்.

வரிசையில் தள்ளினார்கள். தள்ளினாள். எவளோ முடியைப் பிடித்து இழுத்தாள். விடவில்லை. ஒரு குடம். நிறைகுடம். இடுப்பில் தண்ணீர் தளும்ப, தார் காலைச் சுட, ஓடி வந்தாள்.

கதவைத் திறந்தாள்.

பாயில் குழந்தை இல்லை.

மளக். மளக். மளக்.

சமையல்கட்டு. சாராள் தரையில் குப்புறக் கிடந்தாள். உதடு சிமெண்டில் பதிந்திருந்தது. கன்னம் அசைந்தது. ஞானகுமாரிக்கு ஒரு நொடி உயிர் வந்தது. எங்கோ ஈரம் கசிகிறது, குழந்தை குடிக்கிறது.

மண்டியிட்டாள். தொட்டாள். தரை காய்ந்து கிடந்தது.

தூக்கினாள். உடம்பு வந்தது. உதடு வரவில்லை.

ஒவ்வொரு மளக்குக்கும் கன்னம் உள்ளே ஒட்டியது. முதுகுத் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. கண் மட்டும் திறந்து அம்மாவைப் பார்த்தது.

குடிப்பது சாராள் இல்லை.

குடத்தை அப்படியே தரையில் கவிழ்த்தாள். தரை அதை மளமளவென்று இழுக்கத் தொடங்கியது. உதடு விட்டது. குழந்தை வீலென்று அழுதது. குழந்தையை அள்ளப் போனாள். தண்ணீர் தீர்ந்தது. பிஞ்சு முகம் மறுபடி தரையில் போய் ஒட்டியது. அழுகை நின்றது.

"அக்கா! தண்ணி!" ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

தெருவில் லாரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

மளக்.

ஞானகுமாரி குழந்தையின் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். வாயைத் திறந்து தரையில் வைத்தாள். தரை சில்லென்றிருந்தது. மெல்ல, மிக மெல்ல, சாராளின் உதட்டை அது விட்டது.