மங்களம் இல்லாத பக்கம்

டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்க வேண்டியவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன... உயிர் இல்லை.

சப்-இன்ஸ்பெக்டர் இன்பராஜ் ரிசீவரை எடுத்தார்.

"அப்பா... நான் ராதிகா. ரொம்ப நாளா போன் பண்ணலன்னு கோவமா?"

இன்பராஜ் தான் யார் என்பதைச் சொன்னார். நடந்ததையும் சொன்னார்.

பெங்களூரில் மகள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"எப்படி சார்?"

"காப்பியில விஷம்மா. கம்ப்யூட்டர்ல எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

"என்னன்னு?"

திரையில் இங்கிலீஷில் இரண்டே வரி. 'எனக்கு யாரும் இல்லை. போகிறேன்.'

அவர் படித்துக் காட்டினார்.

"அப்ப என்னாலதான்..." என்றாள் ராதிகா. லைன் அறுந்தது.

சௌந்தரராஜன் தொழிற்சாலை இன்ஜினீயராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி மங்களம் இறந்த பிறகு, தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் பகுதியில் அந்த வீட்டில் தனிக்கட்டை.

இன்பராஜ் மறுபடியும் அந்த இரண்டு வரியைப் பார்த்தார். இன்பராஜின் மனைவியும் பிள்ளையும் அவரை விட்டு மைசூருக்குப் போய்விட்டார்கள். ஓட்டல் பார்சல், ஊமை வீடு... அந்த வரிகளுக்குக் கீழே அவரே கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதனால்தான் பார்த்தவுடன் நம்பிவிட்டார்.

போலீஸ்காரனுக்கு அது ஆபத்து.

"சார், உள்ள வரலாமா?"

வாசலில் சில்வியா. பக்கத்துப் பேட்டையான சாம்பியன் ரீப்ஸில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள். இந்தக் கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்ததும் அவள்தான்.

அவள் பெரியவரைப் பார்த்தாள். சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"மங்களம் எங்க சார்?"

"இன்னாம்மா சொல்ற? அந்தம்மாதான் எப்பவோ போயிட்டாங்களே."

"இந்தப் பக்கத்துல சார். மேல அவங்க பேர் இருக்கணும்."

அவள் மவுஸை நகர்த்தினாள். திரையில் ஒரே ஒரு ஐகான். தட்டினாள். வேர்ட் திறந்தது... வெறும் பக்கமாக அல்ல. தலைப்பில் சாம்பல் நிறத்தில் 'மை டியர் மங்களம்' என்று தயாராக இருந்தது.

"இது டெம்ப்ளேட் சார். முன்னாடியே செஞ்சு வெச்ச மாதிரிப் பக்கம். இந்த ஐகானைத் தட்டினா இதோடதான் திறக்கும். வேற ஐகான் எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னாரு."

"ஏன்?"

"'வெறும் பக்கத்தைப் பாத்தா பயமா இருக்கும்மா. அவ பேரோட திறக்கற மாதிரி பண்ணிக் குடு'ன்னாரு. தினமும் அவங்களுக்கு எழுதுவாரு. இன்னா சமைச்சேன், பால்ல தண்ணி ஜாஸ்தி... அவ்ளோதான்."

இன்பராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் பேரை அழிக்க முடியுமா?"

எப்படி என்று சில்வியா சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவளை அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுத் துரையைக் கூப்பிட்டார்.

பிணத்தை முதலில் பார்த்தவன் துரை. தங்கச் சுரங்கத்தை மூடியதில் வேலை போனவன். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"கம்ப்யூட்டர் தெரியுமா துரை?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? சுரங்க ஷாஃப்ட்ல ஆளுங்க போற கேஜ் கூண்ட இறக்கி ஏத்தினவன். இந்தப் பெட்டியத் தொட்டதுகூட இல்ல."

"எனக்கு ஒரு சிக்கல். இவர் கம்ப்யூட்டர்ல எந்தப் பக்கம் திறந்தாலும் மங்களம் பேர் தானா வருது. அழிக்கவே முடியல. இந்தக் கடைசிப் பக்கத்துல மட்டும் பேர் இல்ல. அதனால இது அவர் எழுதினதில்ல. கொலைன்னு எழுதப் போறேன்."

துரை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"வெறுத்துப்போய் அவரே அழிச்சிருப்பாரு சார்."

"அழியலயே. நீயே பாரு."

இன்பராஜ் ஒரு விசையை அழுத்தினார். பேர் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி... மறுபடி...

துரையால் பொறுக்க முடியவில்லை.

"அப்டி போவாது சார். மங்கலா கீது பாருங்க, அந்தப் பேர் மேலயே ரெண்டு வாட்டி தட்டணும். அப்புறம் அழிச்சா போயிடும்."

இன்பராஜ் விசையிலிருந்து கையை எடுத்தார்.

துரையின் முகம் வெளுத்தது. தான் சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

"தொட்டதே இல்லன்ன," என்றார் இன்பராஜ் மெதுவாக. "யார் சொல்லிக்குடுத்தா?"

துரை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவருதான் சார்."

"யாரு?"

"பெரியவருதான். சாயங்காலம் ஆனா கூப்ட்டுடுவாரு. அவருக்குப் பேச ஆளில்ல... எனக்கு வேல இல்ல. காப்பி போட்டுக் குடுத்து, கையப் புடிச்சி இங்கிலீஷ்ல அடிக்கச் சொல்லிக்குடுத்தாரு."

"அப்புறம் ஏண்டா?"

"மூடின ஷாஃப்ட்லேர்ந்து செம்புக் கேபிள் அறுத்து என் வீட்டுல வெச்சிருந்தேன். பாத்துட்டாரு. 'நீயே போய் போலீஸ்ல சொல்லு, இல்லன்னா நான் சொல்லுவேன்'னாரு. நேத்து காப்பிய நான் போட்டேன் சார்."

"பேரை ஏன் அழிச்ச? விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

துரை நிமிரவில்லை.

"அந்தம்மா பேரப் பாத்துக்கினே பொய் எழுத கை வரல சார்."

இன்பராஜ் பெங்களூர் நம்பரைச் சுழற்றினார்.

"ராதிகா... உங்கப்பா தானா போகலம்மா. கொன்னுட்டாங்க. ஆள் கிடைச்சிட்டான். நீங்க காரணம் இல்ல."

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அது ஓயும்வரை அவர் ரிசீவரை வைக்கவில்லை. ஒரு மனுஷக் குரலை அவ்வளவு நேரம் கேட்டு அவருக்கும் நாளாகியிருந்தது.

ஜீப்பில் ஏறும்போது துரை அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார்... தனியா மட்டும் போட்டுடாதீங்க சார். பைத்தியம் புடிச்சிடும்."

"அந்தக் கவலையே வேணாம், துரை. எங்க லாக்கப்பு மூட்டப்பூச்சிங்க புது ஆளு வந்தா விடிய விடிய தூங்க விடாதுங்க!"