இருநூற்றுப் பதினோராவது ஆள்

உடற்பயிற்சி ஆசிரியர் விசில் ஊதினார். “ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க!”

எல்லோரும் ஜோடி சேர்ந்தார்கள். போன வாரம் பள்ளியில் சேர்ந்த சிறுமி மட்டும் கடைசியில் தனியாக நின்றாள்.

“சரி, மூணு மூணா!”

மறுபடியும் அவள் தனி. ஐந்து ஐந்தாக நின்றார்கள், ஏழு ஏழாகவும் நின்றார்கள். அப்போதும் அவளே மிச்சம்.

“மீதி! ஏ மீதி!” என்று கத்தினான், அவளுக்கு முன்னால் நின்ற சுருட்டைமுடிக்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆசிரியர் தலையைச் சொறிந்தார். “முன்னாடி இருநூத்திப் பத்துப் பேர். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு எப்படி நிறுத்தினாலும் கச்சிதமா நின்னீங்க. விளையாட்டு விழாவுக்கு நாலே நாள்தான் இருக்கு. நீ அடுத்த வருஷம் சேர்ந்துக்கோம்மா.”

விழாவுக்கென்று வாங்கிய வெள்ளை ஷூவைப் பார்த்தபடியே அவள் வீட்டுக்குப் போனாள்.

அம்மா தையல்காரர். அவருடைய பொத்தான் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, இருநூற்றுப் பதினொரு பொத்தான்களை எண்ணி எடுத்தாள். விதவிதமாக வரிசை கட்டினாள். பதினொன்றாக அடுக்கினால் இரண்டு மிஞ்சின. பதின்மூன்றாக அடுக்கினால் மூன்று.

“எத்தனை வரைக்கும்டி அடுக்கிப் பார்ப்பே?” என்றார் அம்மா.

“பதினாலு வரைக்கும் போதும்மா. பதினஞ்சு வரிசையில பதினஞ்சு வெச்சா இருநூத்தி இருபத்தஞ்சு, தாண்டிடுது. பெரிய எண்ணால சரியா வகுபட்டா, அதுக்கு ஜோடியா ஒரு சின்ன எண்ணும் இருக்கணும். அது இந்நேரம் மாட்டியிருக்கும்ல?”

“மாட்டலையா?”

“ஒண்ணுகூட மாட்டலை. இது பகா எண்ணும்மா!”

மறுபடி ஏழு ஏழாக அடுக்கி, கடைசியில் மிஞ்சிய சிவப்புப் பொத்தானை எடுத்து நடுவில் செருகினாள். இப்போது நீலப் பொத்தான் மிஞ்சியது. அதை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மைதானத்தில், “சார், ஒரே ஒரு தடவை நடுவுல நிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

“நில்லு, பார்ப்போம்.”

விசில் ஒலித்தது. ஏழு ஏழாக நின்றார்கள். சுருட்டைமுடிக்காரன் கடைசியில் தனியாக நின்றான்.

“மீதி!” என்று யாரோ கத்தினார்கள். அவன் காது சிவந்தது.

அவளும் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

“அவன் மேல தப்பில்லை சார். இருநூத்திப் பதினொண்ணு பகா எண். சமமா வரிசை போட்டா யாராவது மிஞ்சத்தான் செய்வாங்க. வட்டமா நிக்கலாமே?”

ஆசிரியர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். “வட்டமா?”

சிறிது நேரத்தில் மைதானம் முழுக்க ஒரே பெரிய வட்டம். சுருட்டைமுடிக்காரன் ஓடி வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டான்.

ஆசிரியர் சுற்றிச் சுற்றி நடந்து எண்ணினார். “இருநூத்தி இருபத்தெட்டு, இருபத்தொன்பது...” சட்டென்று நின்றார். “ஆமா, நான் யார்கிட்டேருந்து ஆரம்பிச்சேன்?”

“தெரியலையே சார்!” என்றன இருநூற்றுப் பதினொரு குரல்கள்.