பிணத்தின் பையில் இரண்டு கோடு

டிரிங்... டிரிங்... டிரிங்!

தேயிலைச் செடிகளுக்கு நடுவே போன் அடித்தது.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ராக்காயி எட்டிப் பார்த்தாள். போன் ஒரு சட்டைப் பையில் இருந்தது. சட்டை ஓர் ஆளின் மேல் இருந்தது. ஆள்தான் உயிரோடு இல்லை!

அவள் போட்ட அலறலில், பகல் பன்னிரண்டு மணிச் சங்கு என்று நினைத்து அடுத்த மலையில் கூடைகளை இறக்கி வைத்துவிட்டார்கள். அப்போது மணி எட்டு.

செத்தவர் சுப்பிரமணியம். இலங்கை மலையகத்தில், நோர்வூட் கடைத்தெருவில் மளிகைக் கடை. மண்டை பிளந்திருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் பொலிஸ் நிலைய பெஞ்சில் அழகுமுத்து உட்கார்ந்திருந்தான். போன் கடைக்காரன். அந்தக் குளிரில் வேர்த்து வழிந்த மனிதன், 2004ஆம் வருடம் முழுவதும் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

எதிரே இன்ஸ்பெக்டர் குணரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்ததாக எந்தப் பதிவும் இல்லை.

"நேற்றுப் பின்னேரம் சுப்பிரமணியத்தோட சண்டை பிடிச்சனியோ, இல்லையோ?"

"பிடிச்சேங்க..."

"ஏன்?"

"நான் வித்த பேட்டரி டூப்புன்னு கத்தினாருங்க. கடைத்தெருவே கேக்குற மாதிரி!"

"நீ என்ன சொன்னனி?"

"ஒரிஜினல்னு சொன்னேங்க."

"பிறகு?"

அழகுமுத்து குரலைத் தாழ்த்தினான்.

"இன்னொரு தடவை டூப்புன்னா மண்டையைப் பொளந்துருவேன்னு..."

"பிளந்திட்டாய்!"

"ஐயோ, வாய்ப்பேச்சுங்கய்யா!"

மூலையில் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்த பூரணி எழுந்தாள். செத்தவரின் மனைவி.

"பேசாதடா பாவி! சாயங்காலம் ஆறு மணிக்கு 'அவனை ஒரு கை பாத்துட்டு வர்றேன்'னு போனவரு, வீடு திரும்பலையே! வீட்டு லைன்ல இருந்து ராத்திரி பூரா அடிச்சேன், விடிஞ்சும் அடிச்சேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு... எடுக்கத்தான் ஆளில்லை!"

"கேட்டியே?" என்றார் இன்ஸ்பெக்டர். "சாகுமட்டும் உள்ளுக்கதான் இருப்பாய்."

கான்ஸ்டபிள் கம்பிக் கதவைத் திறந்தார். கிரீச்...

மேசையில் பிணத்தின் போன் கிடந்தது. அழகுமுத்து அதைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

திரையில் சார்ஜ்... இரண்டு கோடு!

இந்தப் பேட்டரியிலா? இந்த நேரத்திலா?

உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். சொன்னால் கடை காலி. மானம் காலி. சொல்லாவிட்டால் ஆளே காலி!

"ஐயா! அது டூப்புத்தான்!"

"எது?"

"பேட்டரிங்க! மேல சக்தி ஆயிரம்னு போட்டிருக்கு. உள்ள முந்நூறுகூடத் தேறாது. யாரோ தூக்கிப்போட்ட கிழட்டு செல்லு. புது ஸ்டிக்கர் ஒட்டினது நான்!"

"கள்ளா!"

"ஆமாங்க, கள்ளன்தான்! கொலைகாரன் இல்லைங்க!"

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நம்ம மலையில டவரைத் தேடித் தேடியே சார்ஜ் கரைஞ்சிருங்க. முழுசா ஏத்தினாலும் இது அஞ்சு மணி நேரந்தான். ஆறு மணிக்குப் போனவரோட போன் ராத்திரி பதினொண்ணுக்கே செத்திருக்கணும். எப்புடிங்க ராத்திரி பூரா அடிச்சுச்சு? எப்புடிங்க இன்னும் ரெண்டு கோடு நிக்குது?"

பூரணியின் முந்தானை வாயிலிருந்து நழுவியது.

"பொய்யி! அது நல்ல பேட்டரி! அவரே சொன்னாரு!"

"நேத்து கடைவாசல்ல அவர் சொன்னதை ஊரே கேட்டுச்சும்மா!"

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். போனை மேசை நடுவில் வைத்தார்.

"இருந்து பாப்பம். பதினொரு மணிக்கும் இது உயிரோட இருந்தா... நீ செத்தாய்!"

இருந்தார்கள்.

ஒன்பதரை. இரண்டு கோடு.

பத்து. ஒரு கோடு.

தான் விற்ற சரக்கு சீக்கிரம் கெட வேண்டும் என்று சாமி கும்பிட்ட முதல் வியாபாரி அழகுமுத்துதான்.

பத்து இருபது. ஒரு கோடு...

பத்து ஐம்பத்தைந்து. ஒரு கோடு!

"விலங்கைக் கொண்டா," என்றார் இன்ஸ்பெக்டர்.

பீப்!

திரை இருண்டது.

அழகுமுத்து பாய்ந்து பேட்டரியைக் கழற்றி, மேசையில் வைத்துச் சுண்டினான். உப்பிய தன் வயிற்றின் மேல் அது பம்பரமாய்ச் சுற்றியது.

"பாருங்கய்யா! நல்ல பேட்டரி சுத்துமா?"

இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவில்லை. பூரணியைப் பார்த்தார்.

"ராத்திரி முழுக்க அடிச்சதெண்டால், கரண்டில கொழுவி இருந்திருக்க வேணும். ஆர் அம்மா கொழுவினது?"

பூரணி முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"நான்தாங்க..."

பூரணியின் குரலில் அழுகை இல்லை.

"ராத்திரி எட்டு மணிக்கே வந்துட்டாரு. சார்ஜ் நிக்கலைன்னு என்னையத்தான் அடிச்சாரு. உலக்கை கையில கெடைச்சுச்சு... ஒரே போடு! அப்புறம் என்ன செய்யிறதுன்னு தெரியலை. போனை எடுத்து சார்ஜர்ல சொருகிட்டேன். மூணு வருஷப் பழக்கம். சொருகாட்டி அடிப்பாருங்களே!"

"செத்தவரோ?"

"பழக்கம்னா பழக்கந்தாங்க! விடிய, பனியில வீட்டுப் பின்பக்கத் தேயிலைச் சரிவுல உருட்டி விட்டேன். உருட்டுறதுக்கு முந்தி போனைப் பையில வச்சேன். தெனமும் அப்புடித்தான் வப்பேன்."

கான்ஸ்டபிள் அவளை அழைத்துப் போனார்.

"நீ போகலாம்," என்றார் இன்ஸ்பெக்டர். "கடையைச் சீல் வைக்கப் பிறகு வாறன்."

அழகுமுத்து துள்ளிக் குதித்து வாசலுக்கு ஓடினான். ஓடிய வேகத்திலேயே நின்றான்.

ஜன்னல் திறந்தே இருந்திருக்கிறது!

கேட்டுக்கு வெளியே பாதி நோர்வூட் நின்றது. ஆளுக்கொரு பேட்டரி கையில். முன்வரிசையில், தேயிலைச் செடி வெட்டுகிற செல்லசாமிக்கு மட்டும் மறு கையில் கவ்வாத்துக் கத்தி.

அழகுமுத்து திரும்பி வந்தான். கம்பிக் கதவுக்குள் தானே நுழைந்தான். தானே இழுத்துச் சாத்தினான்.

"ஐயா... கொலை நான்தான் செஞ்சேன்னே எழுதிக்குங்க!"