எட்டு புள்ளி நாலு

மாரியம்மன் கழுத்தில் தாலி இல்லை.

1957, மாசி மாதம். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டம். காலை 6.10. விளக்கேற்றப் போன வீரய்யாதான் முதலில் பார்த்தான். முந்தின நாள் அந்திப் பூசை முடிந்து பூட்டும்போது தாலி இருந்தது. பூட்டு உடைபடவில்லை. தன் சாவியால் திறந்துதான் உள்ளே போயிருந்தான். தொண்ணூற்றிரண்டு படி இறங்கி ஓடிப் போய்த் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சொன்னவனும் அவனே. அதுவே வினையாயிற்று.

சாவிகள் இரண்டு. ஒன்று பூசை வைக்கும் வீரய்யாவின் இடுப்பில். மற்றது கோயில் கமிட்டித் தலைவர், கணக்கப்பிள்ளை செல்லசாமியிடம். செல்லசாமி மூன்று நாளாகப் படுக்கையில் இருந்தார். கால் பெருவிரலை வீங்க வைத்து எரிக்கும் கவுட் வாதம். அப்படிச் சொன்னவள் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் டோரீன்.

7.45. ஜீப்பில் வந்திறங்கிய இன்ஸ்பெக்டர் முத்துலிங்கம் அவளிடம் கேட்டார்.

"நிச்சயமாத் தெரியுமா, நர்ஸ்?"

"போன மாசம் ரத்தம் எடுத்துக் கண்டிக்கு அனுப்பினேன். யூரிக் அமிலம் எட்டு புள்ளி நாலு. ஏழு தாண்டக் கூடாது."

"அந்தக் காலோட படி ஏறியிருக்கலாமா?"

"கட்டில விட்டே இறங்க முடியாது."

அவர் குறித்துக்கொண்டார்.

8.20. செல்லசாமியின் வீடு. அடுத்த வாரம் தலைமன்னாரில் கப்பலேறி நிரந்தரமாக இந்தியாவுக்குப் போகிறவர். கட்டித் தயாராயிருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் கான்ஸ்டபிள் கொட்டினான். தலையணையை உதறினான். மெத்தையைத் தடவிக்கொண்டே வந்தான். செல்லசாமியின் வலது பாதத்தில் தடித்த துணிக்கட்டு. கை அந்தப் பக்கம் போனதுமே செல்லசாமி அலறினார்.

"ஐயோ, தொடாதீங்க! நெருப்பா எரியுது!"

"காலத் தொடாதீங்க," என்று கூட வந்திருந்த டோரீனும் அதட்டினாள். "அந்த வலி உங்களுக்குத் தெரியாது."

கான்ஸ்டபிள் கையை இழுத்துக்கொண்டான்.

கதவு திறந்தே கிடந்தது. மூடுபனி உள்ளே வந்தது. செல்லசாமியின் பற்கள் தந்தியடித்தன. டோரீன் நாற்காலியில் கிடந்த கம்பளியை எடுத்துக் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தி, ஓரங்களை இழுத்துச் செருகினாள்.

"மகராசியா இருங்க," என்றார் அவர். "வீரய்யா இப்படிச் செய்வான்னு நெனைக்கல. புள்ளகுட்டிக்காரன், பாவம்."

10.30. தோட்டத்தை நடத்தும் துரை முடிவு சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது வீரய்யாவின் பேர் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், வெட்டப்படும். பேர் வெட்டினால் வேலை இல்லை. குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் இல்லை. வீரய்யா கைவிலங்கோடு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி ராக்காயி மலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை.

"நீங்க சொன்ன ஒரு வார்த்தையில எம் புருசன் திருடனாயிட்டாரு, நர்ஸம்மா."

"அவரப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலியே."

"கணக்கப்புள்ளயால நடக்க முடியாதுன்னு சொன்னீங்கல்ல? சாவி ரெண்டு. ஒருத்தருக்குக் காலு வெளங்கல. அப்புறம் யாரு மிச்சம்? நாலு புள்ளைங்களோட ரோட்டுல நிக்கப் போறேன். அந்த ரத்தக் கடுதாசியக் குடுங்க, கூரையாப் போட்டுக்கிறேன்."

ராக்காயி கூடையை இறக்கிவிட்டு, மூலையில் கிடந்த தேயிலைப் பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். அடிப்பலகையும் ஒரு பக்கப் பலகையும் இல்லாத பெட்டி. கிறீச்சென்றது.

டோரீன் பெட்டியைப் பார்த்தாள். பலகைகளைக் கழற்றச் சொன்னவள் அவளேதான். போன வருடம்.

"எந்திரி, ராக்காயி. அந்தப் பெட்டியத் தூக்கு."

11.25. செல்லசாமியின் கட்டிலருகே இன்ஸ்பெக்டர். வாசலில் லயத்துச் சனம். டோரீன் பெட்டியைத் தரையில் வைத்தாள்.

"இது எதுக்குன்னு தெரியுமா, கணக்கப்பிள்ளை?"

"தேயிலைப் பெட்டி. வேற என்ன?"

"போன வருசம் நம்ம ஆலை டீமேக்கர் லோரன்ஸுக்கு நெசமாவே கவுட் வந்துச்சு. கால் விரல்ல வேட்டி பட்டாக்கூடக் கத்துவாரு. குளிர்ல காலத் தொறந்து போடவும் முடியல. அதனால காலுக்கு மேல இதக் கவுத்து, பெட்டி மேல கம்பளியப் போட்டோம்."

இன்ஸ்பெக்டர் கட்டிலைப் பார்த்தார். கம்பளி செல்லசாமியின் பாதங்களை அழுத்திக்கொண்டு கிடந்தது.

"காலையில நான் போர்த்துனபடியே கிடக்கு," என்றாள் டோரீன். "கான்ஸ்டபிள் கை படுறதுக்கு முந்தியே அலறுனவரு, மூணு றாத்தல் கனமுள்ள கம்பளிக்கு மகராசியா இருன்னாரு."

"அப்ப ரத்த ரிப்போட் பொய்யா?"

"ரிப்போட் சரி. நான் படிச்சதுதான் தப்பு. அந்த அமிலம் கூடுனா கவுட் வரலாம். கடைசிவரைக்கும் வராதவங்களும் இருக்காங்க. வந்தா எந்த விரல் வீங்கும், எப்படி எரியும்னு நானே இவருக்குச் சொல்லிக் குடுத்தேன். வலிக்குதுன்னு ஆளனுப்பினதும், கட்ட அவுத்துக்கூடப் பாக்காம நம்பிட்டேன்."

"கட்டினது நீங்க இல்லையா?"

"இல்ல. கவுட் கால யாரும் இப்படி இறுக்கிக் கட்ட மாட்டாங்க. வீடு பூரா தேடுனீங்க, இன்ஸ்பெக்டர். தேட விடாம நான் காவல் காத்தது ஒரே ஒரு இடம். அடுத்த வாரம் இந்தக் கட்டோடயே கப்பலேறியிருப்பாரு."

செல்லசாமி காலை வெடுக்கென்று மடக்கினார். வலி உள்ளவர் மடக்குகிற வேகம் இல்லை அது.

"தொடாதீங்க!"

டோரீன் கம்பளியை விலக்கிக் கட்டை உருவினாள். முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது சுற்றில் மஞ்சள் கயிறு தெரிந்தது. பிறகு பொன். பெருவிரலில் வீக்கமுமில்லை, சிவப்புமில்லை. குதிகாலில் மட்டும் கோயில் படிக்கட்டுப் பாசி பச்சையாக ஒட்டியிருந்தது.

வாசலில் யாரோ காறித் துப்பினார்கள்.

"மொதல்ல அவரு கை வெலங்கக் கழட்டுங்க," என்றாள் ராக்காயி.

12.00. சங்கு ஊதியது. செக்ரோலில் வீரய்யாவின் பேர் அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரியில் டோரீன் செல்லசாமியின் அட்டையை எடுத்தாள். 'யூரிக் அமிலம் 8.4. கவுட்.' அவள் கையெழுத்துத்தான். கடைசிச் சொல்லைக் கோடிழுத்து அடித்தாள்.

கூடையை எடுக்க ராக்காயி வந்தாள். உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். கொழுந்து வாடியிருந்தது.

"அவரு பேரு தப்பிச்சிருச்சு. எனக்கு இன்னைக்கு அரைநாள் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளம்."

"நான் போய் ஆபீசுல பேசுறேன், ராக்காயி."

ராக்காயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள்.

"வேணாம், நர்ஸம்மா. இன்னைக்கு நீங்க பேசுனது போதும்."