காயாத அறை

வீடு முழுக்கக் காய்ந்துவிட்டது, ஓர் அறையைத் தவிர.

ஸ்வாதி விரலை உள்ளே விட்டுத் தடவினாள். பிசுபிசுவென்று ஈரம். வீடென்றால் ஹாலில் மேசைமேல் நிற்கும் மாடல்தான். பழவேற்காட்டுப் பக்கம் கடலைப் பார்த்த மேட்டில் கட்டப்போகும் வீட்டைத் தன் கையாலேயே வரைந்து, அசல் கான்கிரீட்டிலேயே சின்னதாக வார்த்திருந்தாள். அலை ஒன்று சுருண்டு அப்படியே நின்றுவிட்டதுபோல, ஒரே சுவர் வளைந்து கூரையாகி மறுபக்கம் இறங்கும். கீழே கடலுக்குப் படிகள். அதற்குத் தகர அச்சு அடித்துக் கொடுத்தவர் அப்பா சம்பந்தம். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் ஆயுசெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டியவர். ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டது, குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

"இன்னாமா, இன்னும் ஈரமாவா கீது?"

"ஃபேன் காத்துலயே காஞ்சிருக்கணும்பா."

"எங்க காயும்? உங்கம்மா கியூரிங்கு, சிமெண்ட்டு எறுகணும்னு சொம்பு சொம்பா தண்ணி ஊத்திக்கினே கீறா. சைட்டுல இப்படி ஒருத்தி கெடைச்சா மேஸ்திரி கோயிலே கட்டிடுவான்."

சொம்போடு நின்ற அம்மா சரசா சிரிக்கவில்லை. சம்பந்தம் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார்.

சின்னவள் நிஷா ஆறு வயதில் அந்தக் கடலில்தான் போனாள். உடம்பு கரை ஒதுங்கவே இல்லை. அன்றிலிருந்து சரசா ஸ்வாதியிடம் பேசும்போதும் கண் ஸ்வாதியின் தோளுக்குப் பின்னால் எங்கோ நிற்கும். அங்கேதான் நிலம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் சரசாதான். கடலைப் பார்த்து அழுது தீர்த்தால், மிச்சமிருக்கும் மகளிடம் அம்மா திரும்பி வருவாள் என்று ஸ்வாதி நம்பினாள். அதற்காகத்தான் இந்த வீடு.

சோதனை ஓட்டத்துக்கு விட்ட டாங்கியின் உறுமலில் ஜன்னல் கம்பிகள் அதிர்ந்து அடங்க, கம்பி வழியே வந்த சாயங்கால வெளிச்சம் மாடலின் வளைவில் பழுப்பாக வழிய, சமையலறைத் தாளிப்பு வாசனைக்கு அடியிலிருந்து பாசியும் செத்த மீனும் கலந்த நாற்றம் மெல்ல எழும்பி ஸ்வாதியின் தொண்டையில் உட்கார்ந்தது. ஆவடிக்கு ஏது கடல்?

குனிந்தாள். ஈர அறையின் சுவரில் வெள்ளை பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

"அம்மா, இந்த ரூம் கலவையில இன்னா போட்ட?"

"அந்த மண்ணுதான். அன்னிக்குக் கரையில அள்ளிக்கினு வந்தேனே, சாமி படத்தாண்ட பாட்டில்ல இருந்துச்சே."

"கடல் மண்ணைக் கலவையில போடக்கூடாதும்மா. உப்பு கசிஞ்சிக்கினே இருக்கும்."

"எரிக்க ஒடம்பு இல்ல, கரைக்கச் சாம்பல் இல்ல. அந்த மண்ணுதாண்டி எம்பொண்ணு. ஊடு கட்டுனா அவ உள்ள இருக்க வாணாமா?"

"நானும் உன் பொண்ணுதாம்மா."

"நீதான் இங்க கீறியே. உனுக்கு இன்னா?"

சரசா முட்டிவலியோடு கோணிக் கோணி நடந்து சமையலறைக்குள் போனாள். ஸ்வாதிக்குக் கண் எரிந்தது. அழுகையா, உப்பா, தெரியவில்லை. போன் விளக்கைப் போட்டு மாடலை நெருங்கினாள்.

கடல் பக்கத்துப் படியில் ஈரப் புள்ளிகள். சொம்புத் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று துடைக்கப் போன விரல் அந்தரத்தில் நின்றது. ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விரல்.

பாதம்.

கீழ்ப்படியில் தொடங்கி ஏறியிருந்தது. ஈர அறைக்குள் போயிருந்தது.

அறைக்குள்ளிருந்து சத்தம். சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அந்த இரைச்சல். அதற்குள் ஒரு குழந்தையின் சிரிப்பு. பிறகு எதுவும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அறை வாசலில் ஒரு புது ஈரத் தடம். கீழே இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பெரியது. கொஞ்சம் கோணலான நடை. முட்டிவலிக்காரியின் நடை.

இரண்டு ஜோடி. சேர்ந்து. படி படியாக.

கடைசிப் படி. அதற்கப்புறம் வெறும் மேசை.

"அம்மா!"

சமையலறையில் அடுப்பு எரிந்தது. வாணலியில் கடுகு கருகியது. ஆளில்லை. பின்கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது.

திரும்பினாள்.

ஹால் நாற்காலியில் சரசா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. புடவை கழுத்துவரை நனைந்திருந்தது. மூக்கோரம் மணல். நாற்காலியைச் சுற்றித் தரை காய்ந்து கிடந்தது.

மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை.

வலது கை பக்கவாட்டில் தொங்கியது. விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன. அந்தப் பிடிக்குள் ஒன்றுமில்லை. ஆனாலும் கை ஆடியது. பொறுமையில்லாத பிள்ளை பிடித்து இழுப்பதுபோல.

கண்கள் திறந்திருந்தன. இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக நேராக ஸ்வாதியையே பார்த்தன. அவ்வளவு பாசம் அதில்.

இடது கை நீண்டிருந்தது. உள்ளங்கை விரிந்து. அவளுக்காக.