‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் மாமனார்

அலறியது செல்போன்!

கரையான்சாவடி மெயின் ரோடு. மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை ரூம். வாசலில் ‘உத்தமன் வெப் டிசைன்ஸ்’ என்று போர்டு. முதலாளி, தொழிலாளி, பியூன்... எல்லாமே உத்தமன்தான்.

எடுத்தான். மனைவி சுதா!

“இன்னாங்க... அப்பாவை போலீஸ் இட்டுகினு பூட்டாங்க!”

“மாமாவையா? எதுக்குடி?”

“சிங்கப்பூர்ல வேலை வாங்கித் தரேன்னு முப்பது பேரை ஏமாத்திட்டாராம்! ஏதோ வெப்சைட்ல அவர் போட்டோ கீதாம். குமணன்சாவடி ஜங்ஷன்ல ஒரு பொம்பளை அடையாளம் பார்த்து, செருப்பால அடிச்சிட்டாங்க... எங்க அப்பாவைங்க!”

உத்தமன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

அந்த வெப்சைட்டைச் செய்தவனே அவன்தான்!

நாலு மாதம் முன்பு, ‘சின்னசாமி’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர். ஆளைப் பார்க்கவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றே நாளில் முடித்துக் கொடுத்தான். ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு நிர்வாக இயக்குநர் போட்டோ மட்டும் வரவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டுமே என்று, மாமனார் உலகநாதன் அறுபதாம் கல்யாணத்தில் கோட் போட்டு நின்ற படத்தைச் சொருகினான்.

அப்புறம் மாற்றலாம் என்று நினைத்தான்.

மறந்தே போனான்!

சரி... ஓடிப்போய் உண்மையைச் சொன்னானா?

இல்லை! முதலில் லேப்டாப்பைத் திறந்து அந்தப் படத்தை அழித்தான்.

சே! நீயெல்லாம் ஒரு மாப்பிள்ளையா? அவனுக்கே அவன் மேல் அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பைக்கை எடுத்தான்.

ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் ஒரு பெண் தேம்பிக்கொண்டிருந்தாள். வசந்தா. செருப்பால் அடித்தவள்.

“தாலியை வித்துக் குடுத்தேம்பா... என் புள்ளை வேலைக்கு...”

உத்தமனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உள்ளே இன்ஸ்பெக்டர் சிவராமன். ஓரத்தில் அழுது வீங்கிய முகத்தோடு சுதா. லாக்கப் கம்பிக்குப் பின்னால் உலகநாதன்... பட்டன் போன சட்டையோடு.

“சார்... மாமா மேல தப்பே இல்ல. அந்த வெப்சைட் பண்ணது நான்தான். சின்னசாமின்னு ஒருத்தர் வாட்ஸ்அப்ல ஆர்டர் குடுத்தாரு. சும்மா வச்ச படம் சார் அது! மாத்த மறந்துட்டேன்!”

“அப்படியா? காட்டு, பார்ப்போம்.”

“அது... அழிச்சிட்டேன் சார்.”

“எப்போ?”

“அரை மணி நேரம் முன்னாடி...”

சிவராமன் சிரித்தார்.

“மாமனார் உள்ளே உட்கார்ந்திருக்காரு. நீ படம் அழிச்சிகினு இருந்தியா? எங்ககிட்ட காப்பி இருக்குய்யா!”

சுதா எழுந்து வந்தாள்.

“இன்னா ஆளுங்க நீங்க? எங்கப்பாவை நடுரோட்டுல அடி வாங்க வச்சிட்டு... உங்களைக் காப்பாத்திக்கப் பார்த்தீங்களா?”

“அசிங்கமா கீது சுதா. அந்தம்மாகிட்ட செருப்பை வாங்கி என்னையும் நாலு போடு!”

சிவராமன் குறுக்கிட்டார். “அழுகையை அப்புறம் வச்சிக்குங்க. ஆர்டர் குடுத்த சின்னசாமி நம்பர் இருக்கா? போடு!”

போட்டான்.

ரிங் போனது...

ட்ரிங்... ட்ரிங்...!

சத்தம் வந்தது இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்து!

சிவராமன் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இரண்டு போன்கள். ஒன்று மின்னிக்கொண்டிருந்தது.

“உன் மாமனார் பாக்கெட்ல இருந்து எடுத்தது!”

உத்தமன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா... நீங்களா? ஏன் என்கிட்டயே வந்தீங்க?”

உலகநாதன் நிமிரவில்லை.

“போன பொங்கலுக்கு சோத்துல கை வச்சிகினே பீத்திக்கினியே மாப்ள... ‘நான் கஸ்டமரை ஒரு கேள்வி கேக்க மாட்டேன், மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டேன்’னு! எனக்கு அப்படி ஒருத்தன்தான் வேணும்னு இருந்துச்சு.”

சுளீர் என்றது உத்தமனுக்கு. வசந்தாவின் செருப்பு பரவாயில்லை போலிருந்தது.

“என் படத்தை நீ வைப்பேன்னு எனக்கென்ன தெரியும்? ‘எங்களைப் பற்றி’யை எவன் படிப்பான்னு நான் திறக்கவே இல்ல...”

சுதா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சிவராமன் ஒரு வெள்ளைத் தாளை உத்தமன் பக்கம் தள்ளினார்.

“உட்கார்ந்து வாக்குமூலம் எழுது. வெப்சைட்ல அட்ரஸ் பொய், லைசென்ஸ் பொய், கம்பெனியே பொய். உண்மையா இருந்தது அந்த ஒரு போட்டோதான்... அதைப் போய் அழிச்சிட்டு வந்திருக்கியே மாப்ள!”