அப்பாவுக்கு அனுப்பிய பருப்புப்பொடி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலை முழுகி, ஈர வேட்டியோடு கிழக்குப் பார்த்து நின்று, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்வதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தாலும் சொன்ன நாக்குக்கு உப்பு உறைக்காமல் போகட்டும். அப்படியும் சந்தேகம் உள்ளவர்கள் அறந்தாங்கிக்குப் போய்ச் சுடர்விழியையே கேட்டுக்கொள்ளலாம். கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு மட்டும் போக வேண்டாம்.

சுடர்விழி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து கை நீட்டுகிறவர்களுக்கு ஊசி குத்திக் குத்தி, ஊரில் எவர் வீட்டில் என்ன தின்கிறார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியத் தெரிய ஆத்திரம்தான் வந்தது.

"மீசை மொளச்சு நாலு நாள் ஆகல, முந்நூறு சுகரு. என்னடா சாப்புடுறன்னா, காலையில கிரீம் பிஸ்கட்டு, ராத்திரி நூடுல்ஸுங்குறான். வெளஞ்சத எவனும் திங்கிறதில்ல. அடச்சதத்தான் திங்கிறானுவ," என்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

பாக்கெட்டில் அடைத்த எதுவும் அந்த வீட்டுப் படியேறக் கூடாது. அவள் முறைத்தால் பாக்கெட் பால் தானாகத் திரிந்துவிடும். அம்மா சொர்ணவல்லி கண்ணால் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டு எறும்புகளும் நாளடைவில் அவள் பழக்கத்துக்கு வந்துவிட்டன. வாசலில் கிரீம் கேக் விழுந்து கிடந்தால் வரிசை அதைச் சுற்றிக்கொண்டு போகும். கருப்பட்டித் துண்டு கிடந்தால்தான் நிற்கும்.

இவ்வளவு வீறாப்பும் ஒரே ஒருவருக்காக... குவைத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த அவள் அப்பா ஆத்மநாதனுக்காக. போன லீவில் வந்தபோது அவளேதான் அவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். ரிசல்ட்டில் சுகர் கண்டபடி ஏறியிருந்தது. இப்படியே விட்டால் அப்பா அடுத்த லீவுக்கு நடந்து வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. விமானம் ஏறுகிறவன் பெட்டியில் அவன் சாமான் பாதி, ஊரார் சாமான் பாதி. அதனால் எவர் வீட்டுப் பிள்ளை குவைத்துக்குக் கிளம்பினாலும் சுடர்விழி பொட்டலத்தோடு போய் நிற்பாள். வறுத்து அரைத்த தினைமாவு, எள்ளும் கருப்பட்டியும் இடித்துப் பிடித்த உருண்டை, அவள் கையாலேயே இடித்த பருப்புப்பொடி. பொட்டலம் போய்ச் சேர்ந்ததும் அப்பா வீடியோ காலில் தட்டைக் காட்டி, ஒரு வாய் வைத்து, "அருமைம்மா" என்பார். அன்றைக்கு அவளுக்கு நல்ல தூக்கம் வரும்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

இறங்கியவன் தலையில் மழை... தோளில் நைலான் கயிற்றால் கட்டிய பெரிய அட்டைப்பெட்டி. உயரமாக, கறுப்பாக, நனைந்த பனைமரம் மாதிரி நின்றான்.

"நான் வெற்றிசெல்வன்ங்க. மணமேல்குடி. குவைத்துல ஏசி மெக்கானிக்கு, ஒங்கப்பா ரூம்லதான் இருக்கேன். பெட்டி குடுத்து விட்டாங்க."

சுடர்விழி அவனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். அங்கேயே கயிற்றை அறுத்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, பின்பக்கம் எறும்பு அளவில் அச்சடித்திருந்ததை வாசித்தாள். மை எழுதாத பெரிய கண்கள் அவளுக்கு. வாசிக்க வாசிக்க அவை இன்னும் பெரிதாயின. நிமிர்ந்தபோது அவன் வாயைத் திறந்தபடி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மழைத்தண்ணீர் நேராக அவன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"வாய மூடுங்க. பால் பவுடரு, டின் சீஸு, ஜூஸ் பவுடரு... இதுல ஒண்ணாச்சும் மாட்டுல கறந்ததா, மரத்துல காய்ச்சதா?"

"ஜூஸ் பவுடர்ல ஆரஞ்சு படம் போட்டிருக்குங்க."

"படந்தான் போட்டிருக்கு."

"நான் வெறும் தூக்கிட்டு வந்த ஆளுங்க..."

"வெசத்த வெறும் தூக்கிட்டு வந்தேன்னு யாராச்சும் பெருமையாச் சொல்லுவாங்களா?"

ஜூஸ் பவுடர் டப்பாவின் மூடியைத் திறந்தாள். அவன் தடுப்பதற்குள் முழுவதையும் வாசல் வாய்க்காலில் கொட்டினாள். மழை அதைக் கரைத்துக்கொண்டு ஓடியது. சாயங்காலத்துக்குள் ஊருக்கு வெளியே கண்மாயில் நின்ற கொக்கெல்லாம் முட்டி வரைக்கும் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. வெளிநாட்டுப் பறவை வந்திருக்கிறது என்று புதுக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். அதே தண்ணீர் கடலில் போய்ச் சேர்ந்து, கோட்டைப்பட்டினத்தில் அந்த வாரம் பிடிபட்ட சங்கரா மீன் வழக்கத்தைவிடச் சிவந்திருந்ததாகவும், புளி ஊற்றாமலே குழம்பு புளித்ததாகவும் சொல்வார்கள்.

"அடியே, வந்த பிள்ளைய வாசல்ல நிக்க வச்சா பேசுவ," என்று உள்ளேயிருந்து சொர்ணவல்லி வந்தாள். "உள்ள வாங்க தம்பி. அவ கெடக்குறா. ரெண்டு வாய் சாப்புட்டுப் போங்க."

வரகரிசிச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், பருப்புப்பொடி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். சுடர்விழி பரிமாறினாள்... கோபத்தோடுதான். அவன் சோற்றின் நடுவில் குழி பறித்து, பொடியைப் போட்டு, எண்ணெய் விட்டு, விரல் நுனியால் மட்டும் பிசைந்தான். பழக்கப்பட்ட கை. முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்தத் தடவ பூண்டு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க," என்றான் கண்ணைத் திறக்காமலே. "போன தடவ மொளகு தூக்கல்."

கரண்டி பாதியில் நின்றது.

"எந்தப் போன தடவ?"

அவன் கண்ணைத் திறந்தான். உருட்டிய சோறு கையிலேயே இருந்தது.

"ஒங்கப்பா குடுத்தாருங்க."

"ஒரு தடவையா?"

அவன் உருண்டையைத் தட்டில் வைத்தான்.

"ரெண்டு தடவையா?"

"வந்ததெல்லாங்க," என்றான் தட்டைப் பார்த்து.

அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீடியோ காலில் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு முழங்கை தெரியும். வேறு யாரோ சாப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். வேறு யாரோதான் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த முழங்கை இப்போது அவள் வீட்டுத் தரையில் ஊன்றியிருந்தது.

விறுவிறுவென்று உள்ளே போய் சுகர் மெஷினை எடுத்து வந்தாள்.

"கைய நீட்டுங்க."

"சோத்துக் கைங்க..."

"எடது கைய நீட்டுங்க."

நீட்டினான். அவள் அவன் விரலைப் பிடித்தாள். கரடுமுரடான விரல், ஏசி மெக்கானிக் விரல். மழையில் நனைந்தும் சூடாக இருந்தது. தினம் எத்தனையோ விரலைப் பிடிக்கிறவளுக்கு இந்த விரலில் மட்டும் ஏன் குத்தும் இடம் தெரியாமல் போக வேண்டும்? எரிச்சலோடு குத்தினாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்தாள். எண்பத்தெட்டு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எண்பத்தெட்டு. அன்று மதியம் அவனைக் கடித்த கொசு ஒன்று பொங்கல் தாண்டியும் அந்த வீட்டில் திடகாத்திரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எங்கப்பாவுக்கு வந்திருக்க வேண்டிய ரத்தம்," என்றாள். குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவன்மேல் கோபம் வந்தது. "அப்ப எங்கப்பா என்ன சாப்புட்டாரு?"

"பொரிச்ச கோழி... பாட்டில் கலரு... பாக்கெட்ல வர்ற பரோட்டா."

"ஒங்க கண்ணு முன்னாடி."

"நான் சொல்லிப் பாத்தேங்க."

"சொல்லிப் பாத்துட்டு, தட்ட வாங்கிக்கிட்டீங்க."

இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் மட்டும்தானா என்று யோசிக்க அவள் விரும்பவில்லை...

அவன் போனதும் அப்பாவைக் கூப்பிட்டாள்.

"யாருக்கு இடிச்சேன் நான்? ராவுத்தர் வீட்டுக்கும் செட்டியார் வீட்டுக்கும் நடையா நடந்து யாருக்குப்பா குடுத்து விட்டேன்?"

ஆத்மநாதன் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"சாப்புட முடியலம்மா. ஒன் பொடிய ஒரு வாய் வச்சா, நீ ஒலக்கையோட நிக்கிறது கண்ணுல வருது. ஒங்கம்மா சத்தம் காதுல கேக்குது. அப்புறம் வேலைக்குப் போகக் காலு வரமாட்டேங்குது. கடைச் சோறுன்னா யாரு ஞாபகமும் வராது. தின்னோமா, போனோமான்னு இருக்கலாம்."

சுடர்விழி போனை வைத்தாள். உப்பு, மிளகு, பூண்டு எல்லாம் அளந்து போட்டவள் இதை அளக்கவில்லை. அழுகை வந்தது. அழுதபடியே, மீதியிருந்த டப்பாக்களை மிதித்து நசுக்கினாள்.

லீவு முடியும்வரை வெற்றிசெல்வன் ஏதாவது ஒரு சாக்கில் வந்துகொண்டுதான் இருந்தான். ஒருநாள் கடலை கொண்டுவந்தான்.

"லஞ்சமா?" என்றாள்.

"கடலைங்க. எங்க கொல்லையில வெளஞ்சது. மருந்தடிக்கல."

"எதுல கொண்டாந்தீங்க?"

"எங்க ஆத்தா பழைய சேலையில முடிஞ்சு குடுத்துச்சு. பிளாஸ்டிக்னா நீங்க கடலையோட சேத்து என்னையும் வாய்க்கால்ல கொட்டிருவீங்கன்னு சொல்லி வச்சேன்."

சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்துவிட்டால் மன்னித்ததாக ஆகிவிடுமே...

கிளம்புவதற்கு முதல்நாள் வந்து நின்றான். "நாளைக்குப் போறேன்ங்க. பொட்டலம் இருந்தா குடுங்க."

"யாருக்கு? ஒங்களுக்கா?"

அவன் முகம் விழுந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையோடு தெருவில் இறங்கி நடந்தான். குடை இருந்தும் விரிக்கவில்லை. அவள் ஜன்னலில் நின்று, அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

மறுநாள் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. மழையில் ஓடி வந்தவள் ஜன்னல் வழியாகப் பருப்புப்பொடி மூட்டையை அவன் மடியில் எறிந்தாள். அவன் கீழே இறங்கி வந்தான். அவள் மூக்கு நுனியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது.

"தூக்கிட்டுப் போறதுதான் ஒங்களுக்கு வருமே. தூக்கிட்டுப் போங்க. ஆனா இது எங்கப்பா வயித்துக்குள்ள போகணும்."

"அத அவர்கிட்டயே சொல்லுங்க," என்று அவன் வீடியோ காலைப் போட்டான். "மாமா, ஒங்க மக பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருக்காங்க."

சுடர்விழி சட்டென்று நிமிர்ந்தாள். ரூமில் இருப்பவர்கள் எல்லோரும் அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். எத்தனையோ தடவை போனில் கேட்டிருக்கிறாள். அண்ணே என்றால் இவன் அவளுக்குச் சித்தப்பா முறை. மாமா என்றால்...

"எப்பலேருந்து மாமா?"

அவன் காது சிவந்தது. "மொதல்ல நானும் அண்ணேன்னுதாங்க கூப்புட்டேன். மொத பருப்புப்பொடி வந்த அன்னைக்கு, யாரு இடிச்சதுன்னு கேட்டேன். எம் மகன்னாரு. ரெண்டாவது வாயிலயே மாமான்னு மாத்திட்டேன்."

"எங்கப்பா ஒண்ணும் சொல்லலியா?"

"ஏண்டா மொறைய மாத்துறன்னு கேட்டாரு. சாப்பாட்டுக்காகத்தான்னேன். அப்ப பொய் சொன்னேன்... ஒங்க மொகத்தப் பாத்தப்புறம் பொய் சொல்ல முடியலைங்க."

மழை சற்று ஓய்ந்த மாதிரி இருந்தது. அவளுக்குத்தான் காது அடைத்துப்போயிருந்தது.

"போன கட் பண்ணிட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

"இல்லைங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

திரையில் ஆத்மநாதன் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருந்தார். அவள் போனைப் பிடுங்கினாள்.

"அப்பா, நல்லாக் கேட்டுக்குங்க. தனியா ஒக்காந்தாத்தானே வீட்டு ஞாபகம் வருது? இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு. நீங்க ஒரு வாய், இவரு ஒரு வாய். அழுகை வந்தா அழுதுக்கிட்டே திங்கணும். அழுகையால சுகர் ஏறாது." பிறகு வெற்றிசெல்வனைப் பார்த்தாள். இந்தமுறை முகத்தையே பார்த்தாள். "அடுத்த லீவுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வரணும். வாசல்லயே ஊசி குத்திப் பாப்பேன். அவருக்கு சுகர் எறங்கலன்னா, நீங்க அப்புடியே மணமேல்குடிக்கு பஸ் ஏறிடலாம்."

"எறங்கியிருந்தா?"

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எறங்கியிருந்தா... நானும் ஒருத்தர மாமான்னு கூப்புட வேண்டி வரும்."

அவன் திருச்சி பஸ்ஸில் ஏறுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் நின்ற பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஏறி, பாதி வழி போய்த்தான் இறங்கினான். விமானமே அவனுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஐப்பசியில் இருவரும் வந்தார்கள். ஆத்மநாதன் செருப்பைக் கழற்றுவதற்குள் விரலில் ஊசி இறங்கியது. சுடர்விழி எண்ணைப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தி மறுபடி பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னால் மழையில் நின்றவனிடம் சொன்னாள்:

"நனையாதீங்க. உள்ள வாங்க... மாமா."

ஆத்மநாதன் இந்த நாள்வரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அறந்தாங்கியில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். இதைச் சொன்ன நாக்குக்குத்தான் இப்போது உப்பு உறைப்பதில்லை.